சி10 பிக்கப்பின் உள்விளக்கு: வயரைப் பிடுங்கும் முன் எர்த்தைத் தேடுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 1969 செவர்லே சி10 பிக்கப் வாங்கியிருக்கிறீர்கள். கதவைத் திறந்தால் கூரை விளக்கு எரியவில்லை, டாஷ்போர்டு மீட்டர்கள் இரவில் மங்கலாகத் தெரிகின்றன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் கூரை விளக்கின் இரண்டு வயரிலும் 12 வோல்ட் காட்டுகிறது. ஃபோர்டு எஃப்-100 வைத்திருக்கும் உங்கள் நண்பர் வந்து பார்த்துவிட்டு, கதவு ஸ்விட்ச்சில் ஒரே ஒரு வயர்தான் இருக்கிறது, இன்னொன்று அறுந்து போயிருக்க வேண்டும், எங்கேயோ ஷார்ட்டும் ஆகிறது, மொத்த வயரிங்கையும் பிடுங்கிப் புதிதாகப் போடு என்று சொல்லியிருக்கிறார். அப்படிப் போடும்போதே எல்இடி போடலாமா, கால் வைக்கும் இடத்திலும் விளக்கு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்க வேண்டாம். இப்போதைக்கு எதையும் வெட்டவும் வேண்டாம். நீங்கள் எடுத்த அந்த ஒரு அளவே பாதி வேலையை முடித்துவிட்டது. உங்கள் நண்பர் சொன்னது அவருடைய வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே காலத்து அமெரிக்க பிக்கப்கள்தான், ஆனால் உள்விளக்கை ஸ்விட்ச் செய்யும் முறை நேர் எதிர்.

ஃபோர்டில் பேட்டரியின் பாசிடிவ் முதலில் கதவு ஸ்விட்ச்சுக்கு வரும், கதவு திறந்தால் அங்கிருந்து விளக்குக்குப் போகும், விளக்கின் மறுமுனை பாடியில் எர்த் ஆகியிருக்கும், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் இரும்பைத் தொட்டிருக்கும். அதனால் அவருடைய கதவு ஸ்விட்ச்சில் இரண்டு வயர் இருக்கும்: ஒன்று வருவது, இன்னொன்று போவது. உங்கள் செவர்லே போன்ற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் அப்படியில்லை. பாசிடிவ் நேராக விளக்குக்கே போய் எப்போதும் காத்துக்கொண்டு நிற்கும், கதவு மூடியிருந்தாலும் சாவி இல்லாவிட்டாலும். அதுதான் ஆரஞ்சு வயர். விளக்கின் மறுமுனையிலிருந்து கிளம்புவது வெள்ளை வயர், அது கதவு ஸ்விட்ச்சுகளுக்கும் ஹெட்லைட் ஸ்விட்ச்சுக்கும் போகிறது. கதவு திறந்ததும் ஸ்விட்ச்சின் குமிழ் வெளியே வந்து அந்த வெள்ளை வயரை வண்டியின் இரும்போடு சேர்க்கிறது, அவ்வளவுதான். ஸ்விட்ச்சுக்கு இரண்டாவது வயர் தேவையே இல்லை, வண்டியின் உடம்புதான் இரண்டாவது வயர். எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் முதலில் கதவு ஸ்விட்ச்சைப் பாருங்கள்: ஒரு வயர் என்றால் அநேகமாக எர்த் பக்கம் ஸ்விட்ச் ஆகிறது, இரண்டு வயர் என்றால் பாசிடிவ் பக்கமா என்று சந்தேகப்படுங்கள், மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சாவியை மறந்தால் கத்துகிற பஸ்ஸருக்காகக் கூடுதல் வயர் வைத்த ஜிஎம் ஸ்விட்ச்சுகளும் உண்டு.

இப்போது உங்கள் 12 வோல்ட்டுக்கு வருவோம். பல்ப் பொருத்தியிருக்கிறது, வெள்ளை வயருக்கு எர்த் கிடைக்கவில்லை. அப்போது பல்பில் கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் இழையில் வோல்ட்டேஜ் குறையவும் வழியில்லை, அதனால் ஆரஞ்சில் இருக்கும் 12 வோல்ட் இழையைத் தாண்டி வெள்ளையிலும் அப்படியே தெரியும். இது ஷார்ட் இல்லை. கதவு மூடியிருக்கும்போது நல்ல வண்டியிலும் இப்படித்தான் காட்டும். கதவைத் திறந்த பிறகும் இரண்டிலும் 12 வோல்ட் என்றால்தான் குறை, அதுவும் எர்த் பக்கத்தில் மட்டும். இந்த ஒரு அளவு எத்தனை விஷயத்தைச் சொல்லிவிட்டது பாருங்கள்: ஃப்யூஸ் நல்லது, ஆரஞ்சு வயர் கூரை வரை அறுபடாமல் வருகிறது, பல்ப் நல்லது, ஹோல்டரும் தொடுகிறது. மிச்சம் இருப்பது வெள்ளை வயரும் அது போய்ச் சேருகிற ஸ்விட்ச்சுகளும்தான்.

உறுதி செய்ய ஒரு சின்ன சோதனை. ஒரு துண்டு வயரின் ஒரு முனையை விளக்கின் வெள்ளை வயர் பக்கத்திலும் மறுமுனையை கேபினின் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவிலும் தொடுங்கள். விளக்கு எரிய வேண்டும். இதை ஆரஞ்சில் செய்தால் ஃப்யூஸ் போய்விடும், அதனால் எது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கேதான் ஐம்பது வருடத்துப் பழைய வண்டி ஏமாற்றும். வெயிலிலும் சிகரெட் புகையிலும் கிடந்த வெள்ளை பழுப்பாகியிருக்கும், ஆரஞ்சும் பழுப்பாகியிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். பல்ப் இல்லாமலும் 12 வோல்ட் காட்டுவது ஆரஞ்சு, செத்துப்போவது வெள்ளை. கண்டுபிடித்ததும் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள்.

அடுத்தது, வெள்ளை எங்கே விட்டுப்போகிறது என்பது. சி10இல் ஹெட்லைட் ஸ்விட்ச்சின் குமிழை இடப்பக்கமாகக் கடைசி வரை திருகினால் ஒரு க்ளிக் சத்தத்தோடு கூரை விளக்கு எரிய வேண்டும், கதவு மூடியிருந்தாலும். அதையும் இரண்டு கதவுகளையும் தனித்தனியாக முயன்று பாருங்கள். குமிழில் எரிகிறது, கதவில் எரியவில்லை என்றால் கதவு ஸ்விட்ச்சில் கோளாறு. ஒரு கதவில் மட்டும் எரிகிறது என்றால் மற்றக் கதவின் ஸ்விட்ச். கதவில் எரிகிறது, குமிழில் எரியவில்லை என்றால் ஹெட்லைட் ஸ்விட்ச்சின் உடம்பு டாஷோடு சரியாகத் தொடவில்லை, ஏனென்றால் அந்த ஸ்விட்ச் எர்த் எடுப்பதே டாஷில் அதைப் பிடித்திருக்கும் நட்டின் வழியாகத்தான். டாஷை புதிதாக பெயின்ட் அடித்த வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். எதிலுமே எரியவில்லை என்றால்தான் வெள்ளை வயர் நடுவில் அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

கதவு ஸ்விட்ச் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், பத்தில் எட்டு வண்டியில் குற்றவாளி அதுதான் என்பது என் அனுபவம். நான் 1971 சி10 ஒன்றை வாங்கியபோது முந்தைய சொந்தக்காரர் கேபினை அழகாக பெயின்ட் அடித்து வைத்திருந்தார், கதவுத் தூணில் ஸ்விட்ச் உட்காரும் துளையின் விளிம்பு வரைக்கும் பெயின்ட். ஸ்விட்ச் புதியது, வயர் நல்லது, ஆனால் இரும்பைத் தொட வழியே இல்லை. அதற்கு முன் யாரோ எர்த் கிடைக்காமல் டாஷுக்கு அடியில் வெள்ளை வயரை வெட்டி ஒரு தனி ஸ்விட்ச் வேறு போட்டிருந்தார்கள், அதிலிருந்து இன்னொரு வயர், அதற்கு ஒரு டேப், கடைசியில் அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. துளையின் உள்விளிம்பை உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு தேய்த்ததும் விளக்கு எரிந்தது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஸ்விட்ச்சைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: வயர் கையை விட்டு நழுவித் தூணுக்குள் விழுந்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும் பாடு. வெளியே வந்த உடனேயே ஒரு துணி கிளிப்பை வயரில் மாட்டிவிடுங்கள். ஸ்விட்ச் கையில் இருக்கும்போது வயர் முனையை நேராக வெறும் இரும்பில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வயர் நல்லது, ஸ்விட்ச்சோ துளையோதான் மோசம். துளையைச் சுத்தம் செய்யுங்கள், ஸ்விட்ச் உடம்பின் துருவை எடுங்கள், பொருத்தும் முன் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் மறுபடி துரு ஏறாது. குமிழ் கதவில் படுகிற இடத்தையும் பாருங்கள், கீல் தேய்ந்து கதவு இறங்கிய வண்டிகளில் குமிழ் முழுதாக அமுங்காமல் விளக்கு அணையாமலே இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்து நோயையும் சொல்லிவிடுகிறேன், வயர் போடும்போது உதவும். இந்த வண்டியில் ஆரஞ்சு எங்காவது கேபின் தகட்டில் நசுங்கினால் ஃப்யூஸ் போகும், உடனே தெரிந்துவிடும். வெள்ளை நசுங்கினால் ஃப்யூஸ் போகாது, விளக்கு அணையவே அணையாது. பகலில் கவனிக்க மாட்டீர்கள். அந்தப் பழைய கூரை பல்ப் ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-மணிக்கு மேல், இரண்டு மூன்று நாளில் நல்ல பேட்டரியும் படுத்துவிடும். ஆகவே நசுங்காமல் வயரை எடுத்துச் செல்வதில் வெள்ளைக்கும் அதே அக்கறை வேண்டும், அது வெறும் எர்த்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, மீட்டர் விளக்குகள். அங்கேயும் கதை எர்த்தில்தான் போய் முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் வழியில் இன்னும் இரண்டு மூன்று இடம் இருக்கிறது. பார்க் லைட்டை இழுத்ததும் ஹெட்லைட் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ரியோஸ்டாட் வழியாகக் கரண்ட் வந்து, கரும்பச்சை வயரில் ஃப்யூஸ் பெட்டிக்குப் போய், அங்கே மிகச் சின்ன ஃப்யூஸ் ஒன்றைத் தாண்டி, சாம்பல் நிற வயராக மீட்டர் பக்கம் திரும்புகிறது. ரியோஸ்டாட் என்பது குமிழைத் திருகினால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது: பீங்கான் மேல் சுற்றிய கம்பி, அதன் மேல் ஒரு தகடு நகரும். பல வருடம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அழுக்குப் பிடித்துத் தொடர்பு கெட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு குமிழை ஒரு இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள், அதற்கே சில வண்டிகளில் வெளிச்சம் வந்துவிடும்.

வராவிட்டால் மீட்டர் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரி கழற்றாமல் இதைத் தொடவே கூடாது. பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவிக்க வேண்டும், ஆயில் பிரஷர் மீட்டருக்கு மெல்லிய குழாய் வருகிற வண்டியாக இருந்தால் அதை அவசரப்பட்டு இழுத்து மடித்துவிடாதீர்கள், ஒடிந்தால் ஆயில் உங்கள் மடியில்தான். ஹெட்லைட் குமிழ் கழலவில்லை என்று மல்லுக்கட்ட வேண்டாம், முழுதாக வெளியே இழுத்து, ஸ்விட்ச்சின் உடம்பில் விரலால் தடவினால் ஒரு சின்னப் பொத்தான் தட்டுப்படும், அதை அமுக்கினால் தண்டோடு கையில் வந்துவிடும்.

மீட்டர் பெட்டியின் முதுகில் வயர் கிடையாது, பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செப்புத் தகட்டுப் பாதைகள்தான். பல்ப் ஹோல்டர்கள் திருகி உட்காரும்போது அந்தச் செம்பைத் தொடும். செம்பு கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்ல அழித்தெடுங்கள். உப்புத்தாள் இங்கே வேண்டாம், அந்தத் தகடு காகிதத்தை விட மெல்லியது, இரண்டு தேய்ப்பில் பாதையே போய்விடும். ஹோல்டரின் நாக்குகளைக் கொஞ்சம் நிமிர்த்திவிடுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: இந்த விளக்குகள் அத்தனையும் எர்த் எடுப்பது மீட்டர் பெட்டியை டாஷோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள் வழியாக. மறுபடியும் அதே பெயின்ட், அதே துரு. நான் ஒவ்வொரு தடவையும் பெட்டியின் எர்த் புள்ளியிலிருந்து ஒரு கறுப்பு வயரைத் தனியாக எடுத்து டாஷுக்குப் பின்னால் கேபின் இரும்பில் ஸ்க்ரூ வைத்து முறுக்கிவிடுவேன். பத்து நிமிட வேலை, இருபது வருடத்துக்குக் கவலை இல்லை.

பெட்டி கையில் இருக்கும்போதே அதன் உட்சுவரையும் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த வெள்ளை மஞ்சளாகிப் போயிருக்கும். பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடித்தால், பல்பையே மாற்றாமல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். வெளிச்சம் போதவில்லை என்று, மீட்டரில் வழக்கமாக இருக்கும் 194 எண் பல்புக்குப் பதில் 168 எண் பல்ப் போடுகிறவர்கள் உண்டு. 194 எடுப்பது 0.27 ஆம்பியர், 168 எடுப்பது 0.35. வெளிச்சம் கூடும்தான், சூடும் கூடும், பழைய பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் அந்தச் சூடு எனக்குப் பிடிக்கவில்லை. பெயின்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தால் 194 போதும்.

இன்னொன்று, கேபினே முழுதாக எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபின், வண்டியின் அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கிறது, பேட்டரியின் நெகட்டிவ் கனமான கேபிள் இன்ஜினுக்குப் போகிறது. இன்ஜினிலிருந்து கேபின் முன்சுவருக்கு வரும் பின்னல் பட்டைதான் இரண்டையும் சேர்க்கிறது. இன்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பது சர்வ சாதாரணம். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைக்கிற வழியில் கரண்ட் போய்ச் சேரும், ஆனால் மங்கலாக, தள்ளாடிக்கொண்டு. சோதனை சுலபம். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கேபினின் வெறும் இரும்பிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உள்விளக்கை விட்டுவிட்டு முதலில் அந்தப் பட்டையைப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு வயரை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று முடிவு செய்யலாம். எதை மாற்ற வேண்டும்? விரலால் வளைத்தால் இன்சுலேஷன் வெடிக்கிற வயர், எலி கடித்த வயர், முந்தைய சொந்தக்காரர்கள் வெட்டி ஒட்டிய இடங்கள். வளைத்தால் மென்மையாக வளைகிற, முனையில் செம்பு பளிச்சென்று இருக்கிற வயரைப் பழையது என்பதற்காக மட்டும் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து வயரிங்கை ஜிஎம்முக்குச் செய்து கொடுத்தது ஓஹையோவின் வாரன் ஊரில் இருந்த பேக்கார்ட் எலெக்ட்ரிக், 1932இல் இருந்தே ஜிஎம்மின் ஒரு பிரிவு. நல்ல வேலைக்காரர்கள். அவர்கள் அமுக்கிய முனைகளில் தொல்லை குறைவு, பிறகு வந்தவர்கள் முறுக்கி டேப் சுற்றியதில்தான் தொல்லை.

மாற்றுவதென்றால் ஆரஞ்சுக்கு ஆரஞ்சு, வெள்ளைக்கு வெள்ளை, சாம்பலுக்குச் சாம்பல் என்று அதே நிறத்தில் வாங்குங்கள். நாளைக்கு வண்டியை வாங்குகிறவர் வயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை வாழ்த்துவார். விளக்குகளுக்கு 18 கேஜ் தாராளம், அதாவது 0.8 சதுர மில்லிமீட்டர் செம்பு. வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், வண்டியின் அதிர்வில் ஒடிந்துவிடும், பல இழை வயர்தான் வேண்டும். இன்சுலேஷனில் ஜிஎக்ஸ்எல் அல்லது டிஎக்ஸ்எல் என்று எழுதியிருப்பதை எடுங்கள், அவை 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், சாதாரண பிவிசி 80 வரைதான். கடையில் விலை வித்தியாசம் இந்த நீளத்துக்கு ஒன்றுமில்லை.

கூரைக்கு வயர் கொண்டுபோவதுதான் எல்லோரும் பயப்படும் இடம். பழைய வயரை உருவி எறிந்துவிட்டுப் புதியதை எப்படி நுழைப்பது என்று யோசிக்காதீர்கள், பழைய வயரே உங்களுக்கு நூல். ஒரு முனையில் புதிய ஆரஞ்சையும் வெள்ளையையும் பழையதோடு சேர்த்து, கட்டு தடிக்காமல் சாய்வாக டேப் சுற்றி, கூடவே ஒரு உறுதியான நைலான் நூலையும் கட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் ஊட்டிக்கொடுக்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள், இழுப்பவருக்கு உள்ளே வயர் தகட்டில் உரசுவது தெரியாது. அந்த நைலான் நூலை வேலை முடிந்த பிறகும் உள்ளேயே விட்டுவிடுங்கள், பிறகு ஒரு நாள் ஸ்பீக்கருக்கோ கேமராவுக்கோ உதவும். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், காய்ந்து உடைந்ததை மாற்றிவிடுங்கள்.

இணைப்புகளில் சாலிடரா கிரிம்ப்பா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் முடிவு கிரிம்ப், அதாவது உலோக முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது. சாலிடர் வைத்தால் ஈயம் இன்சுலேஷனுக்குள் ஏறி வயர் அந்த இடத்தில் விறைத்துவிடும், விறைப்பு முடிகிற விளிம்பில்தான் அதிர்வு ஒடிக்கும். ஆனால் கிரிம்ப் என்றால் நீல, சிவப்பு பிளாஸ்டிக் போட்ட மலிவு முனைகளைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதைச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் இல்லாத வெறும் முனை, அதற்குரிய கிரிம்பிங் டூல், மேலே உள்பக்கம் பசை உள்ள சுருங்கும் டியூப். தொழிற்சாலை கனெக்டருக்குள் போகும் முனை வேண்டுமென்றால் பேக்கார்ட் 56 என்று கேளுங்கள், இந்த வண்டிகளின் முனைகள் பெரும்பாலும் அவைதான், இன்றும் கிடைக்கின்றன. ஓடுகிற வயரைக் கடித்து உட்காரும் அந்த நீல கிளிப் மட்டும் வண்டிக்குள் வரவே கூடாது, செம்பில் பாதியை வெட்டிவிட்டு ஈரத்தையும் உள்ளே விடும். கட்டுக்கு மேல் சுற்ற, பசையில்லாத ஹார்னஸ் டேப். சாதாரண கறுப்பு டேப் இரண்டு கோடையில் உருகி வழிந்து, தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கும்.

எல்இடி கேட்டிருந்தீர்கள். கூரைக்குத் தாராளமாகப் போடுங்கள். ஒன்று, எல்இடிக்கு பாசிடிவ், நெகட்டிவ் பார்க்கும், எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு, கதவு மூடிய பிறகும் லேசாகப் பூத்தது போல் ஒளிர்ந்துகொண்டிருந்தால், ஈரம் பட்ட ஸ்விட்ச் வழியாகவோ பின்னாளில் வெள்ளையில் இணைத்த அலாரம் வழியாகவோ மிகச் சிறிய கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். பழைய பல்ப் அந்தக் கசிவுக்கு அசையாது, எல்இடி காட்டிக் கொடுத்துவிடும். கசிவை நிறுத்த முடியாவிட்டால் விளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். நிறம் உங்கள் விருப்பம், ஆனால் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல்தான் அந்தக் கேபினுக்குப் பொருந்துகிறது, நீல வெள்ளையில் 1969 டாஷைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மீட்டருக்கு எல்இடி போடும் முன் யோசியுங்கள். குமிழைத் திருகினால் மங்காது. ஒரு கணக்குக்கு ரியோஸ்டாட்டில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 194 பல்புகள் ஐந்து சேர்ந்தால் ஏறக்குறைய 10 ஓம் மாதிரி, அதனால் 8 ஓம் வந்து சேர்ந்ததும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்டப் பாதியாகும், விளக்கு நன்றாக மங்கும். எல்இடி ஐந்தும் சேர்ந்தே 0.15 ஆம்பியர் என்றால் அதே 8 ஓமில் குறைவது 1.2 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. இரவில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு மங்கச் செய்ய முடியாத மீட்டர் வெளிச்சம் பெரிய தொல்லை. நான் மீட்டரில் 194ஐயே வைத்திருக்கிறேன். நீங்கள் போட்டே தீருவதென்றால், சார்ஜ் எச்சரிக்கை விளக்கு இருக்கும் வண்டியில் அந்த ஒன்றை மட்டும் பழைய பல்பாக விட்டுவிடுங்கள், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்க அதன் வழியே போகும் கரண்ட் உதவுகிறது.

கால் வைக்கும் இடத்து விளக்கு ரொம்ப எளிது. பாசிடிவை டாஷுக்கு அடியில் ஆரஞ்சிலிருந்தும் நெகட்டிவை வெள்ளையிலிருந்தும் எடுத்தால் கூரை விளக்கோடு சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். நெகட்டிவைப் பாடியில் கொடுத்துவிடாதீர்கள், எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் நண்பர் இதே வேலையை அவருடைய எஃப்-100இல் செய்தால் அவர் பாடியில்தான் கொடுக்க வேண்டும், பாசிடிவை ஸ்விட்ச்சுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். எல்இடி பட்டை என்றால் கதவு ஸ்விட்ச்சுக்குச் சுமையே இல்லை. பழைய பல்புகள் நான்கைந்து சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டை ஸ்விட்ச் செய்வது) வைத்து, அதன் காயிலை ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் இடையில் கொடுங்கள். ஃப்யூஸ் போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடுவது மட்டும் கூடவே கூடாது, ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரைத்தான்.

நண்பர் வட்டத்தில் இதைவிடப் பழைய வண்டி வைத்திருப்பவர் இருந்தால் ஒரு வார்த்தை: செவர்லே பிக்கப்கள் 1955இன் நடுவில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தன, ஃபோர்டு 1956இல். அதற்கு முந்தைய ஃபோர்டுகள் 6 வோல்ட், அதோடு பாசிடிவ் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிடிவ். கடையில் வாங்கும் 12 வோல்ட் எல்இடி அங்கே எரியாது, 6 வோல்ட் எல்இடி வாங்கினாலும் திருப்பிப் போட்டால்தான் எரியும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டிவிடாதீர்கள். பாசிடிவை மாட்டுங்கள். நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வைத்து, இரண்டு கதவையும் மூடச் சொல்லிப் பாருங்கள். புது ரேடியோ, கடிகாரம் எதுவும் இல்லாத வண்டியில் டெஸ்ட் லேம்ப் எரியக் கூடாது. ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், டெஸ்ட் லேம்ப் எரியும், மூடினால் அணையும். எல்இடி மாற்றியிருந்தால் அது இழுக்கும் கரண்ட் குறைவு, டெஸ்ட் லேம்ப் எரிவது தெரியாமல் போகலாம், அப்போது அதே இடத்தில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள், ஆனால் மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். மூடிய கதவில் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று காட்டினால் கேபிளை முறுக்கிவிடலாம். முதலில் அந்தக் கதவு ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள், வெள்ளை வயர் நடுவில் அறுந்திருந்தால் எங்கே தேடுவது என்று அடுத்துச் சொல்கிறேன்.